ஆனந்த வருஷத்துப் பினாங்குப் பயணம்: எந்தக் கப்பல் என்று கண்டறிய வழி உண்டா?

கேள்வி (தேவகோட்டை வாசகர்)

எங்கள் வளவில் இருந்த பழைய பெட்டகம் ஒன்றைச் சுத்தம் செய்தபோது, என் பாட்டையா ஊருக்கு எழுதிய இரண்டு கடிதங்கள் கிடைத்தன. அவர் பினாங்கில் ஒரு விலாசத்துக்கு (நகரத்தாரின் லேவாதேவிக் கடைக்கு) அடுத்தாளாகக் (ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஊழியராகக்) கொண்டுவிக்கப் (கடல் கடந்து தொழில் செய்யப்) போனவர். முதல் கடிதம் ஆனந்த வருஷம் புரட்டாசி மாதத்தின் முதல் வாரத்தில் நாகப்பட்டினத்திலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. வர வேண்டிய கப்பல் வரவில்லை என்றும், எப்போது வரும் என்பது கப்பல் கம்பெனியாருக்கே தெரியவில்லை என்றும், நவராத்திரி கழிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் அதில் குறிப்பிடுகிறார். இரண்டாவது கடிதம் ஐப்பசி மாதக் கடைசியில் பினாங்கிலிருந்து வந்தது. தாம் வந்து சேர்ந்த சில நாட்களுக்குப் பிறகு, விடியற்காலையில் பீரங்கிச் சத்தம் கேட்டுக் கிட்டங்கியில் (நகரத்தார் தங்கித் தொழில் நடத்திய கட்டடத்தில்) இருந்த அனைவரும் எழுந்துவிட்டதாகவும், துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்று மூழ்கிப் போனதாகவும் எழுதியிருக்கிறார்.

அவர் ரஜூலா கப்பலில் போனார் என்றுதான் அப்பத்தா எங்களிடம் சொல்லி வந்தார். கடிதங்கள் இரண்டிலும் கப்பலின் பெயர் இல்லை. அவர் ஏறிய கப்பல் எது, எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது, பயணிகள் பட்டியலில் அவருடைய பெயர் எங்கேனும் இருக்குமா என்பவற்றை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (காரைக்குடி வாசகர்)

ஐயா, முதலில் ஆண்டை உறுதி செய்துகொள்வோம். ஆனந்த வருஷம் 1914 ஏப்ரலில் பிறந்து 1915 ஏப்ரலில் முடிந்தது. அதற்கு முந்தைய ஆனந்த வருஷம் அறுபது ஆண்டுகள் பின்னே போய்விடும். தாங்கள் சொல்லும் தலைமுறைக் கணக்குக்கு அது ஒத்துவராது. ஆகவே முதல் கடிதம் 1914 செப்டம்பர் மூன்றாம் அல்லது நான்காம் வாரத்தில் எழுதப்பட்டது.

அந்த ஒரு செய்தியே கப்பல் வராததற்கு விடை சொல்லிவிடுகிறது. ஆகஸ்டில் பிரிட்டனும் முதல் உலகப் போரில் இறங்கியிருந்தது. செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், கார்ல் ஃபான் முல்லர் என்ற தளபதியின் கீழ், சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாக மறித்துக்கொண்டிருந்தது. இண்டஸ், லோவட், கில்லின், டிப்ளோமட், டிராபாக், கிளான் மாதிசன் ஆகிய ஆறு கப்பல்களும் 14-ஆம் தேதிக்குள் மூழ்கடிக்கப்பட்டன. மாலுமிகளை முன்னரே வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டுத்தான் அவர்கள் கப்பலை அழித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். செய்தி கல்கத்தாவை எட்டியதும் விரிகுடாவில் கப்பல்கள் புறப்படுவது தடைப்பட்டது. சரக்குக் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. செப்டம்பர் 18-ஆம் தேதி எம்டன் ரங்கூனுக்கு அருகிலேயே நின்று, தான் பிடித்து வைத்திருந்த மாலுமிகளை ஒரு நார்வே கப்பலில் ஏற்றி அனுப்பியது. பணமும் கடிதமும் உண்டியலும் (பணம் மாற்றும் சீட்டும்) கப்பலையே நம்பியிருந்த நம்மவர்களுக்கு அந்த இரண்டு மாதங்கள் எத்தகைய நெருக்கடியாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைக்கு வந்தது. அமாவாசை கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன, நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன, துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலும் குண்டடி பட்டது, உயிர்ச்சேதமும் உண்டு. சென்னையே இப்படித் தாக்கப்பட்ட வாரத்தில், நாகப்பட்டினத்துக் கம்பெனியார் கப்பலுக்குத் தேதி சொல்லத் தயங்கியதில் வியப்பு ஒன்றுமில்லை.

இரண்டாவது கடிதமும் அதே எம்டனைப் பற்றியதுதான். சென்னையிலிருந்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு அரபிக் கடல் பக்கம் போய் மேலும் பல கப்பல்களைப் பிடித்துவிட்டு, அக்டோபர் 28-ஆம் தேதி விடியற்காலையில் அது பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. பிரிட்டிஷ் கப்பலென்று கரையில் இருப்பவர்கள் எண்ண வேண்டும் என்பதற்காகப் போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டு வெளியேறும்போது, எதிரே வந்த மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் அழித்தது. துறைமுகத்தில் நின்று மூழ்கியதாகத் தங்கள் பாட்டையா எழுதியது ஜெம்சுக்காகத்தான் இருக்க முடியும். ஐப்பசி மாதக் கணக்குக்கும் இது சரியாகப் பொருந்துகிறது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி எம்டனை வீழ்த்தும் வரை இந்த அச்சம் நீங்கவில்லை.

எனவே தாங்கள் தேட வேண்டிய காலம் குறுகிவிடுகிறது: செப்டம்பர் கடைசி வாரம் முதல் அக்டோபர் 28 வரை. "வந்து சேர்ந்த சில நாட்களுக்குப் பிறகு" என்று அவர் எழுதியிருப்பதால், அக்டோபர் நடுப்பகுதிக்குப் பிந்தைய வருகைகளை முதலில் பாருங்கள்.

ரஜூலாவைப் பொறுத்தவரை, அது 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்காகக் கட்டப்பட்ட கப்பல். 1914-இல் அது இல்லவே இல்லை. அட்சய வருஷத்துக்குப் (1926-27) பிறகு பாட்டையா மறுபடியும் கணக்குக்குப் (இன்னொரு பணிக்காலத்துக்குப்) போயிருந்தால், அப்போது ரஜூலாவில் போயிருக்கலாம். அப்பத்தாவின் நினைவு அந்தப் பயணத்தைச் சார்ந்ததாக இருக்கக்கூடும். நான் விசாரித்த வீடுகளில் எல்லாம் யார், எந்த ஆண்டு மலாயாவுக்குப் போனார் என்று கேட்டாலும் ரஜூலா என்றே விடை வருகிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தட்டுப் பயணிகளை (அறை இன்றிக் கப்பல் தளத்தில் பயணம் செய்பவர்களை) ஏற்ற அனுமதி பெற்று, சுமார் நாற்பத்தேழு ஆண்டுகள் அந்த நிறுவனத்தின் கொடியின் கீழ் ஓடிய கப்பல் மற்றக் கப்பல்களின் பெயரையெல்லாம் மறைத்துவிட்டதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் வருஷத்தைப் பார்க்காமல் அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

மறுமொழி (பினாங்கு வாசகர்)

கப்பலின் பெயரைக் கண்டுபிடிக்கச் செய்தித்தாள்களின் கப்பல் பத்தியே சிறந்த வழி. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதலிய பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அவற்றில் வருகை, புறப்பாடு என்ற தலைப்புகளின் கீழ்க் கப்பலின் பெயர், எந்த நாட்டுக் கப்பல், எத்தனை டன், தலைவர் யார், எந்தத் துறையிலிருந்து எப்போது வந்தது என்ற விவரங்கள் சுருக்கமாக இருக்கும். நாகப்பட்டினத்தை அக்கால ஆங்கில ஏடுகள் "நெகபட்டாம்" என்று எழுதின. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் ஒன்றும் அகப்படாது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் கப்பல் முதலில் பினாங்கைத் தொட்டு, பிறகு போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிளாங்) வழியாகச் சிங்கப்பூருக்குப் போவது வழக்கமாதலால், சிங்கப்பூர் ஏட்டில் கிடைக்கும் தேதியிலிருந்து சில நாட்களைக் கழித்தே பினாங்குத் தேதியைக் கணிக்க வேண்டும்.

பெயரைப் பற்றி அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். அறை எடுத்துப் பயணம் செய்தவர்களின் பெயர்களைத்தான் பத்திரிகை அச்சிட்டது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் வெறும் எண்ணிக்கையாகவே பதிவாயினர். அடுத்தாளாகப் போனவர் அறை எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். கப்பலில் அம்மையோ காலராவோ கண்டுவிட்டால் மேல்தட்டுப் பயணிகளைப் பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் இறக்கித் தனியே வைத்திருப்பார்கள். அப்படி நேர்ந்திருந்தால், கப்பல் வந்த தேதிக்கும் அவர் ஊருக்குள் வந்த தேதிக்கும் இடைவெளி இருக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு சிறு ஐயம் எஞ்சியிருக்கிறது. அக்காலத்தில் நம் ஊர்ப் பக்கம் ரயில் இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியிருக்க அவர் எவ்வழியாக நாகப்பட்டினம் போயிருப்பார்?

மறுமொழி (பள்ளத்தூர் வாசகர்)

காரைக்குடிக்கு ரயில் வந்தது 1930 வாக்கில்தான். ஆனால் மாயவரத்திலிருந்து திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாக வந்த பாதை 1903-லேயே அறந்தாங்கியை எட்டிவிட்டது. அறந்தாங்கி வரை மாட்டு வண்டியில் போய், ரயிலேறித் திருவாரூரில் மாறினால் நாகப்பட்டினம். திருச்சி சுற்றிப் போவதைவிட இது எளிது. நாகையில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கடலில் தள்ளி நங்கூரமிடும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் அந்தப் படகுப் பயணம் மிகக் கடினம். அதனால் நவராத்திரிக்கும் பருவமழைக்கும் இடையில் கிடைத்த முதல் கப்பலிலேயே அவரை ஏற்றிவிட்டிருப்பார்கள் என்று கருதுகிறேன்.

மறுமொழி (காரைக்குடி வாசகர்)

பெட்டகத்தில் கடிதங்கள் மட்டுமா இருந்தன, கணக்குப் புத்தகங்களும் இருந்தனவா என்று பாருங்கள். அடுத்தாளின் வழிச்செலவைச் சம்பளச் சீட்டின்படி (வேலை ஒப்பந்தத்தின்படி) விலாசமே ஏற்றிருந்தால், அந்த வருஷக் குறிப்பிலோ (அன்றாடக் கணக்கிலோ) பேரேட்டிலோ அவர் பேரில் பற்று எழுதியிருப்பார்கள். கப்பல் கூலி, படகுக் கூலி, நாகப்பட்டினத்தில் தங்கிய நாட்களின் சாப்பாட்டுச் செலவு என்று தனித்தனியே தேதியுடன் இருந்தால், செய்தித்தாளில் கிடைக்கும் இரண்டு மூன்று கப்பல்களில் எது அவருடையது என்பதை அதைக் கொண்டே தீர்மானித்துவிடலாம். பினாங்குக் கடையின் புத்தகம் தங்களிடம் இல்லாவிட்டால், முதலாளி வீட்டாரின் வழியில் வந்தவர்களைக் கேளுங்கள். ஐந்தொகையை (கடையின் சொத்து, கடன் நிலைக் கணக்கை) ஊருக்கு அனுப்பும் வழக்கம் இருந்ததால் அதன் படியாவது அவர்களிடம் இருக்கலாம்.