எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை, டைமிங் போய்விட்டதா? அவசரம்

பாலக்கோடு_தக்காளி: வண்டி நேற்று மதியத்திலிருந்து படுத்துகிறது. கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை போச்சு. பிளக் புதுசு போட்டாச்சு, கார்பரேட்டரும் கழுவியாச்சு. மெக்கானிக் பார்த்துவிட்டு டைமிங் போயிருக்கும், முழுசாகப் பிரிக்கணும், நாலாயிரம் ஆகும் என்கிறார். தோட்டத்தில் களை முழங்கால் உயரம் நிற்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரூர்_மஞ்சள்: என்ன வண்டி? பெட்ரோலா, டீசலா?

ஓசூர்_ரோஜா: வேற ஒன்றும் பார்க்க வேண்டாம், பெட்ரோல்தான் காரணம். இப்போது பங்க்கில் வருவதில் இருபது சதவீதம் எத்தனால். மாதக்கணக்கில் டேங்கிலேயே கிடந்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மொத்தத்தையும் வடித்துவிட்டுப் புதுசு ஊற்றுங்கள்.

பழைய_லேத்: தம்பி, முதலில் கேள்வி கேட்கப் பழகுங்கள். மாட்டு வண்டியும் வண்டிதான். கயிறு இழுக்கிற எஞ்சின் என்றால் களை எடுக்கிற வீடராக இருக்கும், பாலக்கோடு நிலத்தில் கல்லில் மாட்டி டக்கென்று நின்றிருக்கும். ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டுகிற கீ வெட்டுப்பட்டு டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், தள்ளிப்போயிருக்கும். கயிறு கையைத் திருப்பி இழுக்கிறதா என்று பாருங்கள். முப்பது வருடமாக இதைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பாலக்கோடு_தக்காளி: ஆமாம் அண்ணா, பவர் வீடர். பெட்ரோல், 7 ஹெச்பி, மானியத்தில் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. கல்லில் அடிக்கடி மோதும். கயிறு திருப்பி இழுப்பதில்லை.

பழைய_லேத்: கல்லில் மோதுமாம். நான் சொன்னதுதான்.

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு: ஒன்று கேட்கிறேன். காலையில் ஸ்டார்ட் ஆகிறதா?

பாலக்கோடு_தக்காளி: காலையில் ஒரே இழுப்பு. அரை மணி நேரம் ஓட்டினால் மூச்சு வாங்கி நிற்கும், அப்புறம் வரவே வராது. ஒரு மணி நேரம் நிழலில் போட்டால் மறுபடி வரும். இதை முதலிலேயே சொன்னேனே?

அரூர்_மஞ்சள்: எங்கே சொன்னீர்கள்?

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு: பாதி விடை அதிலேயே இருக்கிறது. வெட்டுப்பட்ட கீ சூடு ஆறினால் ஒட்டிக்கொள்ளாது. டைமிங் தள்ளியிருந்தால் காலையிலும் தகராறு செய்யும். இந்த மாதிரி எஞ்சினில் டைமிங் செயினும் இல்லை, வால்வைத் திறக்கிற கேம் பல்சக்கரம் கிராங்க் பல்லோடு நேராகக் கடித்து ஓடுகிறது, தானாக நழுவாது.

புகையை வெளியே விடுகிற எக்சாஸ்ட் வால்வ், தான் உட்காருகிற சீட்டுக்குள் நாளடைவில் இறங்கும். இறங்க இறங்க மேலே அதை அமுக்குகிற ராக்கருக்கும் வால்வ் தண்டுக்கும் இடையில் உள்ள கேப் குறையும். சூட்டில் தண்டு நீளும்போது கேப் மிச்சமே இல்லாமல் போய் வால்வ் முழுசாக மூடாது, அழுத்தம் கசியும். ஆறியதும் மூடிக்கொள்ளும். நின்ற உடனே கயிற்றை இழுத்துப் பாருங்கள். காலையில் இருப்பதைவிட லேசாக வந்தால் வால்வ்தான்.

கனமாகவே இருந்தால் ஸ்பார்க் கொடுக்கிற காயிலைச் சந்தேகப்படுங்கள், அதுவும் சூட்டில் சாகும். அப்போதே வேறு பிளக்கை மாட்டி, பிளக்கின் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து ஸ்பார்க் பாருங்கள். பழைய பிளக் அதன் ஓட்டையிலேயே இருக்கட்டும், பெட்ரோல் ஆவி வெளியே வரக் கூடாது.

ஓசூர்_டூல்ரூம்: அழுத்தம் பார்க்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுமே?

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு: கேஜ் ஏமாற்றும். கயிறு சுலபமாக வரட்டும் என்று கேமில் ஒரு சின்ன டீகம்ப்ரஷன் வைத்திருக்கிறார்கள், மெதுவாகச் சுற்றும்போது எக்சாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிவிடும். நல்ல எஞ்சினும் குறைவாகக் காட்டும்.

பாலக்கோடு_தக்காளி: கயிறு லேசாகத்தான் வருகிறது அண்ணா. நானே கேப் வைக்க முடியுமா? கேப் அளக்கிற ஃபில்லர் கேஜ் கிடையாது.

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு: முடியும். ராத்திரி முழுக்க ஆறட்டும். வால்வ் கவருக்கு நாலு போல்ட். பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக் கயிற்றை மெல்ல இழுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது பிஸ்டன் மேலே வரும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு ராக்கரும் தளர்வாக இருக்க வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் இன்னொரு சுற்று. ஹோண்டா ஜிஎக்ஸ்160, ஜிஎக்ஸ்200 என்றால் கேப், காற்று உள்ளே வருகிற இன்டேக் வால்வுக்கு 0.15 மில்லிமீட்டர், எக்சாஸ்ட் 0.20. காப்பி எஞ்சினாக இருந்தால் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அரூர்_மஞ்சள்: சவர பிளேடு ஒன்று 0.10. இரண்டு சேர்த்தால் எக்சாஸ்ட்டுக்குச் சரி.

பழைய_லேத்: இன்டேக்குக்கு ஒன்றரை பிளேடா? சலூன் கடையில் எஞ்சின் பழகினவர்கள் எல்லாம் டேப்பெட், அதான் வால்வ் கேப், வைக்க வந்துவிட்டீர்கள்.

அரூர்_மஞ்சள்: எங்கள் அப்பா அப்படித்தான் வைத்தார். எஞ்சின் இன்னும் தண்ணீர் இறைக்கிறது.

ஓசூர்_டூல்ரூம்: பிளேடு வளையும், ஓரம் கையைக் கிழிக்கும். ஃபில்லர் கேஜ் ஒன்றும் சொத்தை விற்று வாங்குகிற சாமான் இல்லை.

ஓசூர்_ரோஜா: என் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு இந்த டேப்பெட் தொல்லையே வந்ததில்லை.

பழைய_லேத்: அது டூ-ஸ்ட்ரோக். அதில் ஏது ஐயா வால்வ்?

ஓசூர்_ரோஜா: அதைத்தானே நானும் சொல்கிறேன். எத்தனாலைப் பற்றிச் சொன்னதற்கு இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை.

பாலக்கோடு_தக்காளி: எக்சாஸ்ட்டில் ஒரு பிளேடுகூட நுழையவில்லை. சரி செய்தாச்சு. காலையிலிருந்து இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. நன்றி அண்ணா.

காவேரிப்பட்டணம்_மாந்தோப்பு: நல்லது. கொஞ்ச நாளிலேயே கேப் மறுபடி குறைந்தால் சீட் தேய்கிறது என்று அர்த்தம், அப்போது ஹெட்டைக் கழற்றி வால்வ் கிரைண்ட் செய்ய வேண்டும்.

பழைய_லேத்: எதற்கும் கீயையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அரூர்_மஞ்சள்: கடைசியில் எதை வைத்து அளந்தீர்கள், பிளேடா, கேஜா?

அரூர்_மஞ்சள்: தம்பி?