பிள்ளைக்குப் பியானோ வகுப்பு: எங்கள் வீட்டில் நடந்தது இது, உங்கள் வீட்டில்?

நங்கநல்லூரிலிருந்து ஓர் அம்மா

என் மகளுக்கு இப்போது பதினோரு வயது. ஆறரை வயதில் பியானோ வகுப்பில் சேர்த்தோம். போன வாரம் என் தங்கை போன் செய்து, "அக்கா, இவனையும் சேர்க்கலாம்னு இருக்கேன், எதைப் பார்த்துச் சேர்க்கணும்?" என்று கேட்டாள். பதில் சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. பாதிக்கு மேல் நாங்கள் பட்ட பாடுதான். அதையே இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் கதையையும் சொன்னால் அவளுக்கு அனுப்பி வைப்பேன்.

முதலில் கருவி விஷயம். "ரெண்டு மாசத்துல விட்டுடுவா, எதுக்குப் பெரிய செலவு" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அது சரியென்றே பட்டது. 61 கட்டை கீபோர்டு ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினோம். விரல் பட்டாலே சத்தம் வரும், அவ்வளவு லேசு. வகுப்பில் இருந்ததோ சுவரோரமாக நிற்கும் பழைய அப்ரைட் பியானோ. அதில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து கம்பியைத் தட்ட வேண்டும். விரலின் பலத்துக்கு ஏற்றபடிதான் சத்தம். வீட்டில் ஒரு வாரம் பழகிய பாட்டை அங்கே வாசித்தால் பாதி சுரம் காதிலேயே விழாது. "மிஸ் வீட்டுப் பியானோ ரிப்பேர்மா" என்று வந்து சொல்வாள். எட்டு மாதம் அப்படியே ஓட்டினோம். பிறகு 88 கட்டையும் உள்ள, அழுத்தினால் கனமாக இறங்குகிற டிஜிட்டல் பியானோ ஒன்றை 45,000 ரூபாய் சொச்சத்துக்கு வாங்கினோம். ஸ்டாண்டுக்குத் தனிக்காசு. பழைய கீபோர்டை மாமியார் பஜனைக்கு எடுத்துக்கொண்டார், திருப்பிக் கேட்கவும் முடியாது.

இதெல்லாம் பணத்தோடு போனது. அடுத்தது அப்படியில்லை. நாங்கள் சேர்த்த இடத்தில் ஆறு மாதம் ஆனதுமே கிரேடு தேர்வுப் பேச்சு வந்துவிட்டது. எங்களுக்கும் பெருமைதான். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துகிற இசைத் தேர்வில் கிரேடு 1, 2, 3 என்று வருடத்துக்கு ஒன்றாக முடித்தாள். மூன்றாவதில் 78 மதிப்பெண். 75 எடுத்தாலே மெரிட். சான்றிதழுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம். அந்தத் தீபாவளிக்கு வந்திருந்த அண்ணன், "ஏதாவது வாசி கண்ணு" என்றான். தேர்வுக்குப் படித்த மூன்று பாட்டை வாசித்தாள். "வேற?" என்றான். வேறு இல்லை. முந்தைய வருடத்துப் பாட்டு மறந்துவிட்டது. அவன் சும்மா இருக்காமல், அவள் இதற்கு முன் பார்த்திராத ஒரு பக்கத்தை, முதல் கிரேடு அளவுதான், எடுத்து முன்னால் வைத்தான். பிள்ளை தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரிதான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே பென்சிலால் எழுத்து, மேலே விரல் எண். மூன்று வருடமாக அவள் அந்தப் பென்சிலைத்தான் படித்திருக்கிறாள், இசைக்குறிகளை அல்ல. பின் எப்படித் தேர்வானாள்? 100 மதிப்பெண்ணில் 66, அந்த மூன்று பாட்டுக்குத்தான். ஸ்கேல் என்கிற சுர வரிசை மாதிரியான பயிற்சிகளுக்கு 14. மிச்சம் 20-க்குச் சின்னச் சோதனைகள். ஐந்தாம் கிரேடு வரை நான்கு சோதனையில் எந்த இரண்டு என்பதை நாமே எடுத்துக்கொள்ளலாம். புதுத் தாளைப் பார்த்து உடனே வாசிக்கிற சைட் ரீடிங்கும் அந்த நான்கில் ஒன்று. எங்கள் ஆசிரியர் மூன்று முறையும் அதை ஒதுக்கியே வைத்திருக்கிறார். தேர்வை நான் குறை சொல்லமாட்டேன். வகுப்பை அந்த மூன்று பாட்டோடு சுருக்கினதுதான் கோளாறு. கேட்கத் தெரியாமல் நாங்களும் அதற்கு உடந்தை.

இப்போது சொல்லித் தருபவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. முதல் நாள் பாட்டே வாசிக்கச் சொல்லவில்லை. ஸ்டூலை உயர்த்தினார். கால் தொங்குகிறது என்று கீழே ஒரு மரப்பலகை வைத்தார். நகத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு சுரம் வாசித்து, "பாடு பார்ப்போம்" என்றார். ஆறு மாதம் ஆரம்பப் பாடம், தேர்வு கிடையாது என்று என்னிடம் கறாராகச் சொன்னார். மகள் அழுதாள். மூன்றாம் கிரேடு முடித்தவளுக்கு நாலு சுரத்துப் பாட்டு என்றால் அழுகை வராதா?

அதனால் தங்கையிடம் சொன்னது ஒன்றுதான்: அந்த ஆசிரியரிடம் படிக்கிற பிள்ளை ஒன்றிடம், தேர்வுப் பாட்டு அல்லாமல் வேறு எதையாவது வாசிக்கச் சொல்லிக் கேள்.

கோவையிலிருந்து ஓர் அப்பா

சகோதரி, பென்சில் கதை எங்கள் வீட்டிலும் உண்டு, நல்லவேளையாக மூன்று மாதத்தில் பிடித்துவிட்டோம். நான் சொல்ல வந்தது வீட்டுப் பயிற்சி பற்றி.

வாரத்துக்கு ஒரு வகுப்பு, 30 நிமிடம். ஒரு வகுப்புக்கு 700 ரூபாய் கொடுக்கிறோமே, கற்றுக்கொடுப்பது அவர்கள் பொறுப்பு என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பையன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காருவான், திங்கட்கிழமை வகுப்பு. இரண்டு மாதம் ஆகியும் அதே பக்கம். சார் என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் வகுப்பில் உட்காருங்கள், வாசிக்க வேண்டாம், பாருங்கள் போதும்" என்றார்.

உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. எங்கே தப்பினாலும் பையன் முதல் வரிக்கே ஓடுவான். அதனால் முதல் இரண்டு வரி தேன் மாதிரி இருக்கும், கடைசி வரி தந்தியடிக்கும். சார் கடைசி வரியை முதலில் சொல்லிக்கொடுத்தார். வலது கை தனியாக, இடது கை தனியாக, அப்புறம் சேர்த்து. பிறகு அதற்கு முந்தைய வரி. இப்போது பள்ளிக்குக் கிளம்பும் முன் தினமும் பத்து நிமிடம், ஷூ மாட்டுவதற்கு முன்பு. ஞாயிற்றுக்கிழமை லீவு. சில நாள் பத்து நிமிடமும் ஒரே இரண்டு வரியில் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது பாவம்.

ஸ்காபரோவிலிருந்து ஓர் அம்மா

இஞ்ச கனடாவில் எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. மகனைச் சேர்த்தபோது ரீச்சர் இரண்டு பக்க ஒப்பந்தம் ஒன்றைத் தந்து கையெழுத்துக் கேட்டார். 24 மணித்தியாலத்துக்கு முன் சொல்லாமல் வகுப்புக்கு வராவிட்டால் காசு திரும்பாது, மாற்று வகுப்பும் இல்லை. நான் வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். குளிர்காலத்தில் மகனுக்குக் காய்ச்சல், தொடர்ந்து இரண்டு வாரம் போகவில்லை. காசு போய்விட்டது. எனக்குச் சரியான கோபம். காய்ச்சல் என்ன சொல்லிவிட்டா வருகிறது என்று கேட்டேன்.

அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். செவ்வாய்க்கிழமை ஐந்து மணி என்பது உங்கள் மகனுக்காக எடுத்து வைத்த நேரம், அதை அன்று காலையில் வேறு பிள்ளைக்கு என்னால் கொடுக்க முடியாது என்றார். ஊரில் ரியூஷன் ரீச்சர்மார் "பரவாயில்லை, சனிக்கிழமை வாங்கோ" என்று சொல்லிப் பழகின எங்களுக்கு அது கடினமாக இருந்தது. இப்போது நியாயம் விளங்குகிறது, ஆனாலும் மாதத்துக்கு ஒரு மாற்று வகுப்பாவது தரலாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். சேர முன் இதைக் கேளுங்கோ. கோடை விடுமுறைக்கும் காசு கட்ட வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கோ.

இன்னொன்று, தமிழ்ப் பள்ளி, நடனம், பியானோ எல்லாம் ஒரே சனிக்கிழமையில் வந்தால் பிள்ளை எதையும் ஒழுங்காகச் செய்யாது. நாங்கள் பியானோவை வாரநாளுக்கு மாற்றினோம்.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா

என் பையனுக்கு நாலு வயது. இப்போதே சேர்க்கலாமா? பாட்டி சேர்க்கச் சொல்கிறார், தாத்தா வேண்டாம் என்கிறார்.

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை

பாட்டி தாத்தா இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறதும்மா. நான் வயதைக் கேட்பதில்லை. வலது கை இடது கை தெரிகிறதா, இருபது நிமிடம் ஓரிடத்தில் இருப்பானா, பத்து வரை எண்ணுவானா என்று பார்ப்பேன். பெரும்பாலும் ஆறு, ஏழு வயதில் இது அமைந்துவிடும். நாலு வயதில் பாடவும் கை தட்டவும் சொல்லிக்கொடுங்கள், அது வீண் போகாது.

மேலே கோபப்பட்டவர்களுக்கு ஆசிரியர் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். சேர்ந்த மறுமாதமே, "எப்போ சினிமா பாட்டு வாசிப்பான், எப்போ கிரேடு" என்று கேட்கிற பெற்றோர் அதிகம். அந்த அவசரத்துக்குப் பயந்துதான் சிலர் பென்சிலை எடுக்கிறார்கள். தப்புதான், ஆனால் எங்கிருந்து தொடங்கியது என்று பாருங்கள்.

சினிமா பாட்டு வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. முதல் வகுப்பிலேயே பிள்ளையைக் கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடச் சொல்வேன். நாலரைக் கட்டை சுருதியில் (F ஷார்ப்) தொடங்கி ஐந்து கறுப்பையும் வரிசையாக வாசித்தால் மோகன ராகம். எதைத் தட்டினாலும் அபசுரம் வராது, பிள்ளைக்குத் தெம்பு வந்துவிடும். வெள்ளைக் கட்டைகளை ஒரு கட்டை சுருதியிலிருந்து (C) மேலே வாசித்தால் சங்கராபரணத்தின் சுரங்கள், அதையே நாலு கட்டையிலிருந்து (F) தொடங்கினால் கல்யாணி. இதை ஒரு பையன் வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறான். மறுவாரம் அவன் பாட்டியே வந்துவிட்டார். "கமகம் இல்லாம இது என்ன சங்கராபரணம், படிக்கட்டு ஏர்ற மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான் பாட்டி, சுரத்தை வளைத்து இழுக்கப் பியானோவில் வழியில்லை, என்றேன். பேரனைத் தொடர்ந்து அனுப்பினார், ஆனால் பாட்டு வகுப்பிலும் சேர்த்துவிட்டார்.

தனி வகுப்பு என்பதால் இதையும் சொல்ல வேண்டும். கதவு திறந்திருக்கட்டும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாம் என்று சொல்லாத இடத்தில் விடாதீர்கள்.

சென்னை பெசன்ட் நகரிலிருந்து ஓர் அப்பா

நிஜப் பியானோ ஆசை உள்ளவர்களுக்கு என் கதை. மகள் நாலாம் கிரேடு வந்ததும், பழைய வீடு ஒன்றைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கிருந்த அப்ரைட் பியானோவை 60,000 ரூபாய்க்கு வாங்கினேன். மெருகு பார்த்து மயங்கிவிட்டேன். இருநூறு கிலோவுக்கு மேல் எடை. இரண்டாவது மாடிக்கு ஏற்ற ஆறு பேர், படி திருப்பத்தில் சுவர் பெயர்ந்தது. அதன் பிறகு ட்யூனரைக் கூப்பிட்டேன். திறந்து பார்த்துவிட்டு, "சார், வாங்கறதுக்கு முன்னாடி கூப்பிட்டிருக்கலாமே" என்றார். கம்பிகளில் துரு, சுத்தியல் கம்பளியைப் பூச்சி அரித்திருக்கிறது. கம்பியை முறுக்கி நிறுத்தும் ஆணிகள் தளர்ந்துவிட்டன, சுருதி சேர்த்தால் இரண்டு வாரம்கூட நிற்கவில்லை.

போதாததற்குக் கடற்கரைக் காற்று. ஐப்பசி மழையில் மரம் ஊறி, அழுத்திய கட்டை மேலே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். நல்ல நிலையில் இருக்கிற பியானோவுக்கே வருடத்துக்கு இரண்டு முறை ட்யூனிங் வேண்டும் என்கிறார் அவர். கடைசியில் டிஜிட்டலுக்கு மாறினோம். ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறாள், கீழ் வீட்டுக்காரர் மறுபடி சிரித்துப் பேசுகிறார். அந்தப் பழைய பியானோ மேல் இப்போது மீன் தொட்டி இருக்கிறது. இறக்க ஆறு பேருக்குக் கூலி கேட்கிறார்கள்.

மறுபடியும் நங்கநல்லூர் அம்மா

எல்லாருக்கும் நன்றி. மீன் தொட்டியை மகளிடம் படித்துக் காட்டினேன், அவளுக்கு நேரில் பார்க்க வேண்டுமாம்.

தங்கை மகனுக்கு நேற்று முதல் வகுப்பு, முன்னோட்டமாக. எங்கள் ஆர்கன் அம்மாவிடம்தான். நானும் கூடப் போயிருந்தேன். "உனக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?" என்று கேட்டார். பையன் யோசித்து, "பஸ் ஹாரன்" என்றான். தங்கைக்கு முகம் போன போக்கு! அவர் சிரிக்கக்கூட இல்லை. "எந்த பஸ்? பாடிக் காட்டு" என்றார். அவன் தாம்பரம் ரோட்டில் கேட்ட ஹாரனை மூச்சு விடாமல் பாடினான். சரி, இதில் தேடு என்று கட்டைகளைக் காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். பத்து நிமிடம் ஒற்றை விரலால் துழாவினான். ஐந்து சுரத்தில் நாலைக் கண்டுபிடித்துவிட்டான். ஐந்தாவதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். இரவு பத்து மணிக்குத் தங்கை போன் செய்தாள். பையன் தூங்க மறுக்கிறானாம், என் மாமியாரிடம் அந்த 9,000 ரூபாய் கீபோர்டை ஒரு வாரத்துக்குக் கடன் கேட்டுப் பார்க்க முடியுமா என்கிறாள்.