டோர்ன் பாட்டை முதலில் எங்கே கேட்டீர்கள்?

வெள்ளவத்தையிலிருந்து:
1998இல் கொழும்பில் ஆங்கிலப் பண்பலை கேட்டவர்கள் நட்டாலி இம்புரூக்லியாவின் ‘டோர்ன்’ பாட்டிலிருந்து தப்பியிருக்க வழியில்லை. எனக்கு அது கசெட்டாக வந்தது. காலி வீதியோரம் ஒரு ரெக்கோர்டிங் பார். வெற்றுக் கசெட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். பாட்டின் பெயரை அந்த முதலாளி தன் காதில் விழுந்தபடி தமிழில்தான் எழுதுவார். என் உறையில் நீல மையில் ‘தோன் – அவுஸ்திரேலியாப் பிள்ளை’ என்று இருந்தது. பிள்ளை சிட்னிக்காரிதான். ‘நெய்பர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் நடித்துவிட்டுப் பாட வந்தவர். 1997இன் கடைசியில் வெளியான ‘லெஃப்ட் ஆஃப் த மிடில்’ அவருடைய முதல் அல்பம்.

இலங்கை வானொலி நம்மைக் கெடுத்து வைத்திருந்தது. படம், இசை, பாடல் வரிகள், பாடியவர் என்று அத்தனையையும் சொன்ன பிறகுதான் அங்கே பாட்டு ஒலிக்கும். ஆங்கில அறிவிப்பாளர்களோ பாடியவரின் பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் அந்தப் பாட்டுக்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது என்பதே இங்கே யாருக்கும் தெரியாது. டென்மார்க்கிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியம்மாவின் மகள்தான் ஒரு நாள், “இது எங்கள் நாட்டுப் பாட்டு அக்கா” என்று சொல்லிவிட்டு டேனிஷ் மொழியில் பாடிக் காட்டினாள். மெட்டு அச்சாக அதே!

அவளுடைய உரிமைக் கோரிக்கையில் பாதி நியாயம் உண்டு. ஆன் பிரெவன், ஸ்கொட் கட்லர், ஃபில் தோர்னலி மூவரும் எழுதிய பாட்டு அது. முதலில் பதிவாகி வெளிவந்ததோ 1993இல், டேனிஷ் பாடகி லிஸ் சோரன்சனின் குரலில். பிரெவனும் கட்லரும் தங்கள் எட்னாஸ்வாப் குழுவோடு அதை வெளியிட்டது 1995இல். மறு வருடம் நோர்வேயின் திரினே ரைனும் பாடினார். அதன் பிறகுதான் தோர்னலியே தயாரிக்க, நட்டாலியின் முறை வந்தது. பிரித்தானியப் பட்டியலில் அது இரண்டாம் இடத்தோடு நின்றது. முதலிடத்தை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தது ‘பார்பி கேர்ள்’. அதைப் பாடிய அக்வாவும் டென்மார்க் குழு! தங்கைக்கு இதில் ஏகப் பெருமை.

உண்மையான வலி எட்னாஸ்வாப்பின் பதிவில்தான் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். அங்கே கிட்டார்கள் உறுமுகின்றன, பிரெவனின் குரல் கிழிகிறது. நட்டாலி நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலப் பாடிவிட்டுப் போகிறார். மனம் உடைந்தவர்கள் எல்லாரும் கத்துவதில்லையே. என் ஓட்டு இவருக்குத்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
அக்கா, நீங்கள் குரலோடு நின்றுவிட்டீர்கள். கிட்டார்காரனைக் கேளுங்கள்! கல்யாண மண்டபங்களில் வாசித்த எங்கள் குழுவுக்கு அந்தப் பாட்டு எளிது; எஃப் மேஜர் சுருதியில் பழகிய கோர்ட்டுகள்தான். முடிவில் வருகிற ஸ்லைட் கிட்டார்தான் ஆளை வதைத்தது. கம்பிமேல் வழுக்கி வாசிக்க விரலில் மாட்டும் குழாய் எங்களிடம் இல்லை. முச்சக்கர வண்டி திருத்தும் தம்பியிடம் ஸ்பார்க் பிளக் கழற்றும் சொக்கெட்டை இரவல் வாங்கி, எண்ணெய் போகத் துடைத்து, சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டேன். பாரம் தாங்காமல் கம்பி தாழ்ந்து தட்டில் உரசும். சற்றே தூக்கிப் பிடித்தால் அந்த இழுவை அப்படியே வரும். இதையெல்லாம் ரசித்தவர்கள் குழுவிலிருந்த நாங்கள் மட்டும்தான். மாப்பிள்ளையின் மாமா மேடைக்கே வந்து, “தம்பி, பைலா எப்போது?” என்று கேட்டார்.

தெஹிவளையிலிருந்து:
எனக்கு வீடியோதான் முதலில். அசையாத கமெரா, ஒரு வீடு, ஒரு ஜோடி. கடைசியில் வேலையாட்கள் வந்து சுவரைக் கழற்ற, அது வெறும் செட் என்று தெரிகிறது. நட்டாலி தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறார். செலவு குறைந்த யோசனை, நம் இயக்குநர்கள் பார்த்திருக்கலாம். வெள்ளவத்தை அக்கா, டென்மார்க் தங்கை பாடியதைப் பதிவு செய்து வைத்தீர்களா? இருந்தால் போடுங்கள்.