திமிங்கிலமும் நீர்யானையும்: பட்டை வராத மாதிரியை என்ன செய்வது?

கேள்வி:
திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு நீர்யானை என்பதற்கு சைன் (SINE: நகலாகி மரபணுத்தொகுதியின் வேறிடத்தில் நுழையும் குட்டை டிஎன்ஏ துண்டு) செருகல்களை வலுவான சான்றாகக் காட்டுகிறார்கள். டிஎன்ஏவின் எழுத்துகளான காரங்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுவதைவிட இது எப்படி மேல்? பிசிஆரில் (டிஎன்ஏவின் ஒரு பகுதியை மட்டும் பெருக்கும் முறை) பெருக்கி, துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் ஓட்டியபோது சில இனங்களுக்குப் பட்டையே வரவில்லை. ‘செருகல் இல்லை’ என்று குறிக்கலாமா?

பதில் 1:
கூடாது. பட்டை வராத இனத்துக்கு அட்டவணையில் கேள்விக்குறிதான், பூஜ்யம் அல்ல. பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குட்டை டிஎன்ஏவான பிரைமர் ஒட்டும் இடத்தில் ஓரிரு காரங்கள் மாறியிருந்தாலே பெருக்கம் நின்றுவிடும். பிரைமர்களைச் செருகலுக்கு வெளியே, இருபக்கமும் அதிகம் மாறாத பகுதியில் வையுங்கள். அப்போது செருகல் இல்லாத இனத்துக்குக் குட்டைப் பட்டையும், உள்ள இனத்துக்குச் சில நூறு காரங்கள் நீளமான பட்டையும் வரும். குட்டைப் பட்டை வந்தால்தான் ‘இல்லை’.

நீளத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். இரண்டு பட்டைகளின் கார வரிசையையும் படித்துப் பாருங்கள். செருகலின் இரு முனைகளிலும் ஒரே சிறு வரிசை, பெரும்பாலும் 7 முதல் 20 காரங்கள், இரட்டித்திருக்கும். காலி இடத்தில் அது ஒரே தடவைதான். செருகலின் இடம், அது நிற்கும் திசை, சைனின் துணைக்குடும்பம் (உள்வகை) மூன்றும் பொருந்தினால்தான் ஒரே செருகல். பக்கத்திலேயே வேறொன்று தனியாக விழுந்திருந்தால் ஜெல்லில் வித்தியாசம் தெரியாது.

மேல் ஏன் என்றால், ஒரு காரம் மாற மூன்றே வழிகள். தொடர்பில்லாத இனங்களிலும் அதே மாற்றம் நேரலாம். சைன் அதே புள்ளியில் மறுபடி விழுவதும், தடயமின்றிக் கழன்றுபோவதும் மிக அரிது. காலி இடமே பழைய நிலை என்பதால் மாற்றம் எதிலிருந்து எதற்கு என்பதும் கையோடு கிடைக்கிறது. ஆய்வாளர்கள் நிக்கைடோ, ரூனி, ஒகாடா மூவரும் 1999-இல் நீர்யானை உறவைக் காட்டியது இப்படித்தான். 2001-இல் இதே முறைதான் ஸ்பெர்ம் திமிங்கிலத்தைப் பல்திமிங்கிலங்களோடு சேர்த்தது. கங்கை டால்பினை மற்ற நதி டால்பின்களிடமிருந்து பிரித்தது.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். கிளைகள் அடுத்தடுத்துப் பிரிந்த இடத்தில் செருகலும் ஏமாற்றும். மூதாதைக் கூட்டத்தில் பாதிப் பேரிடம் இருந்த செருகல், கிளைகளுக்குத் தாறுமாறாகப் போய்ச் சேரும். பலீன் திமிங்கிலங்களில் (பல்லுக்குப் பதில் சல்லடைத் தகடு உள்ளவை) முரண்படும் செருகல்கள் கிடைப்பது இதனால்தான். முரணே இல்லாமல் மூன்று தனித்தனிச் செருகல்கள் ஒரே கிளையைச் சொன்னால், தற்செயலாக அமையும் வாய்ப்பு (ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒன்று என்பதால்) 27-இல் ஒன்று. ஒற்றைச் செருகலை வைத்து மரம் வரையாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சாட்டிலைட் டிஎன்ஏவை (ஒரே வரிசை திரும்பத் திரும்ப அடுக்கி நிற்கும் டிஎன்ஏ) இதற்குப் பயன்படுத்தலாமா?

பதில் 1:
இந்த வேலைக்கு ஆகாது. அடுத்தடுத்து நிற்கும் பிரதிகள் ஒன்றையொன்று திருத்தி ஒரே மாதிரி ஆகிவிடும். எந்தப் பிரதிக்கு எது இணை என்று சொல்ல முடியாது.