ஆம்புலன்ஸ் பின்கதவு சுவிட்ச்: பட்டனா, காந்தமா?

சக்கரத்தடம்:
எங்கள் ஆம்புலன்ஸில் பின்கதவு நன்றாக மூடியிருக்கும்போதே, மேடுபள்ளத்தில் ஏறி இறங்கினால் ‘கதவு திறந்திருக்கிறது’ விளக்கு மினுக்குகிறது, பஸ்ஸரும் அடிக்கிறது. கதவுச் சட்டத்தில் உள்ள பட்டன் சுவிட்சை இரண்டு முறை மாற்றிவிட்டேன். சில வாரம் ஒழுங்காக இருந்துவிட்டுப் பழையபடி ஆரம்பித்துவிடுகிறது. ஒயரைக் கழற்றிப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள் டிரைவர்கள். உள்ளே ஒருவர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் வண்டியில் அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. பட்டனை எடுத்துவிட்டுக் காந்த சுவிட்ச் போட்டுவிடலாமா?

மின்கம்பி:
தாராளமாகப் போடுங்கள். பிரஷர் வாட்டரில் கழுவும் வண்டியில் பட்டன் சுவிட்ச் தாங்காது. மேலே இருக்கும் ரப்பர் மூடி கிழிந்தால் போதும், தண்ணீரும் மண்ணும் இறங்கிப் பட்டன் பாதியில் சிக்கிக்கொள்ளும். ரீட் சுவிட்ச் என்னும் இந்தக் காந்த சுவிட்சில், காந்தம் அருகில் வந்தால் இயங்கும் தகடுகள் கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டிருக்கின்றன. கதவில் காந்தம், சட்டத்தில் சுவிட்ச், இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. உரசித் தேய அங்கே ஒன்றும் கிடையாது.

பழையமீட்டர்:
கொஞ்சம் பொறுங்கள் தம்பி. இரண்டு புது சுவிட்ச் போட்டும் போகாத பழுது, சுவிட்சில்தான் இருக்கிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

இந்த மாதிரி அமைப்பில் கதவு திறந்தால் பட்டன் வெளியே வந்து ஒயரை பாடி எர்த்தோடு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு இணைந்த வண்டியின் உலோக உடம்போடு சேர்க்கும், விளக்கு எரியும். மூடினால் பட்டன் அமுங்கித் தொடர்பு விட்டுப்போகும். அப்படியானால், மூடிய கதவில் விளக்கு மினுக்குவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். கீல் தேய்ந்தோ பூட்டுக் கொக்கி தளர்ந்தோ, குலுங்கும்போது கதவு நகர்ந்து பட்டன் எட்டிப் பார்க்கிறது. இல்லையென்றால், சுவிட்சுக்கு வரும் ஒயர் வழியில் எங்கேயோ தோலுரிந்து பாடியில் உரசுகிறது.

வண்டியை நிறுத்தி, சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றி நுனியில் டேப் சுற்றுங்கள். ஒருவர் ஒயர்க் கட்டை நெடுக ஆட்டிக்கொண்டே வரட்டும், இன்னொருவர் விளக்கைப் பார்க்கட்டும். மினுக்கினால் குற்றவாளி ஒயர்தான். மினுக்கவே இல்லையென்றால் சுவிட்சையும் கதவையும் பாருங்கள். முடிந்ததும் ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

மின்கம்பி:
சார், நீங்கள் சொன்னதிலேயே பட்டனின் பெரிய ஆபத்து இருக்கிறது. அதே ஒயர் உரசி உரசி ஒருநாள் அறுந்துவிட்டால்? எர்த் கிடைக்காது, விளக்கு எரியாது. கதவு திறந்து ஆடினாலும் டாஷ்போர்டு அமைதியாக இருக்கும். கதவு மூடினால்தான் தகடு சேரும் என்று ரீட் சுவிட்சை இணைத்துப் பாருங்கள். அப்போது ஒயர் அறுந்தாலும் ‘திறந்திருக்கிறது’ என்றுதான் காட்டும். இந்த ஒன்றுக்காகவே மாற்றலாம்.

பழையமீட்டர்:
அது இணைப்பு முறையால் வரும் பாதுகாப்பு, காந்தத்தால் வருவதில்லை. அமுங்கும்போது சேருகிற பட்டனும் இருக்கிறது. அதைப் போட்டு, நடுவே ஒரு ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் மின்காந்த சுவிட்ச்) வைத்தால் நீங்கள் கேட்பது அதிலும் கிடைக்கும்.

ரீட் சுவிட்சால் நான் பட்டதையும் சொல்கிறேன். ஒரு வண்டியில் அதை நேராகவே உள்விளக்கின் இழை பல்பில் மாட்டியிருந்தார்கள். 12 வோல்ட்டில் 10 வாட் பல்ப் எரியும்போது ஒரு ஆம்பியர்கூட இழுக்காது. ஆனால் இழை குளிர்ந்திருக்கும் அந்த முதல் கணத்தில் பத்து மடங்கு வரை பாயும். மெல்லிய தகடுகள் ஒட்டிக்கொண்டன, விளக்கு அணையவே இல்லை. அது எப்போதும் எரிவதைப் பார்த்துப் பழகி, கடைசியில் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். அப்புறம் கதவு தொங்கிவிட்டால் காந்தமும் விலகும். நீங்கள் தப்பித்து வந்த அதே மினுக்கல் திரும்ப வரும்.

செங்குதிரை:
நான் தீயணைப்பு வண்டி பராமரிப்பவன். ஒயர் அறுந்தால் எச்சரிக்கை வர வேண்டும் என்பதில் நீங்கள் இருவரும் ஒத்துப்போகிறீர்கள், எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. எங்கள் வண்டியில் பக்கவாட்டு அறைகள் மட்டும் ஏழெட்டு. எல்லாக் கதவையும் ஒரே வளையத்தில் கோத்தால், ஏதோ ஒரு கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்தாலும் சிவப்பு விளக்கு எரியும். எந்தக் கதவு என்று தெரியாது. அழைப்பு வந்து கிளம்பும் நேரத்தில் யார் தேடிக்கொண்டிருப்பார்கள்? நாலு தடவை பொய் சொன்ன விளக்கை ஐந்தாவது தடவை யாரும் நம்புவதில்லை.

கதவுக்கு ஒரு விளக்கு என்று பிரித்துக் காட்டினால்தான் உங்கள் முறையை ஏற்பேன். பஸ்ஸரை பார்க்கிங் பிரேக்கோடும் சேருங்கள். அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளுக்கான என்.எஃப்.பி.ஏ 1901 தரத்தில் (இப்போது அது 1900 தரத்தோடு இணைந்துவிட்டது) அப்படித்தான் இருந்தது: பார்க்கிங் பிரேக் விடுபட்டிருக்கும்போது கதவு திறந்திருந்தால் ‘வண்டியை நகர்த்தாதே’ என்ற சிவப்பு விளக்கு எரிய வேண்டும். நிற்கும் வண்டியில் கத்திக்கொண்டே இருந்தால் ஒயரைப் பிடுங்கத்தான் தோன்றும்.

மின்கம்பி:
கதவுக்கு ஒரு விளக்கு, சரி. ஒத்துக்கொள்கிறேன். ரிலே இல்லாமல் ரீட் சுவிட்சை விளக்கில் மாட்டக் கூடாது, ரிலே அணையும்போது அதன் காயிலில் எழும் வோல்ட் துள்ளலை அடக்க, காயிலுக்குக் குறுக்கே டயோடும் வேண்டும், அதுவும் சரி. ஆனால் தண்ணீர் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சக்கரத்தடம்:
அண்ணா, ஒயரைக் கழற்றி ஆட்டிப் பார்த்தோம். மினுக்கியது! சட்டத்தில் ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டு விளிம்பில் ஒயரின் தோல் போய்ச் செம்பு தெரிகிறது. சுவிட்ச் மாற்றும்போது ஒயரை இழுத்ததில் அது கொஞ்சம் நகர்ந்திருக்கிறது, அதனால்தான் சில வாரம் நிம்மதி. எர்த்தையும் சோதித்தேன், மீட்டரில் பீப் வருகிறது. போதுமா?

பழையமீட்டர்:
போதாது. ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். கதவைத் திறந்து விளக்கு எரியும்போது, சுவிட்சின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால், சுவிட்ச் உட்காரும் இடத்துப் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி எர்த்தைச் சரி செய்யுங்கள். அடிபட்ட ஒயரை டேப் சுற்றி விடாமல், அந்தத் துண்டையே வெட்டிப் புதிது போட்டு, ஓட்டைக்கு ரப்பர் வளையம் மாட்டுங்கள்.

மின்கம்பி தம்பி, தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பட்டனை வைத்திருப்பவர் ரப்பர் மூடியைக் கிழிந்தவுடன் மாற்றத்தான் வேண்டும்.

மின்கம்பி:
மாற்றுபவர்கள் எத்தனை பேர் சார்? அதனால்தான் நான் இன்னும் காந்தத்தின் பக்கம். சக்கரத்தடம், உங்களிடம் இதே பாடி கட்டிய வண்டி வேறு இருந்தால், சுவிட்சைத் தொடாமல் முதலில் அந்த ஓட்டையைப் பாருங்கள்.

சக்கரத்தடம்:
இன்னும் இரண்டு இருக்கின்றன. நாளைக் காலையில் ஷிஃப்ட் மாறும்போது திறந்து பார்க்கிறேன்.