டிஸ்பிளேல 24 காட்டுது, உண்மையா?

அண்ணையாக்கள், கிளிநொச்சி–வவுனியா ஏ9 ரோட்டில அடிக்கடி கார் ஓடுறன், டிஸ்பிளே லீற்றருக்கு 24 கிலோமீற்றர் எண்டுது ஆனா பெற்றோல் காசைப் பாத்தா அப்பிடித் தெரியேல்ல, எதை நம்புறது?

பதில்: தம்பி டிஸ்பிளே கனக்கக் கார்ல கூட்டித்தான் காட்டும். ஃபுல் டாங்க் அடிச்சு ட்ரிப் மீற்றரை சைபராக்குங்கோ, ஓடி முடிய அதே பெற்றோல் செட்டில அதே பம்பில, பம்ப் தானா நிக்கிற முதல் கட் ஓஃப் மட்டும் திருப்பி அடிச்சு, ஓடின கிலோமீற்றரை அடிச்ச லீற்றரால பிரியுங்கோ. ஒருக்கா பாத்தது காணாது, நாலஞ்சு டாங்க் பாக்கோணும்.

பதில்: கொஞ்சம் பழைய ஜப்பான் கார் எண்டா, கொம்பனி சொல்லுற ஜேசி08 கணக்கு (ஜப்பான்ர முந்தின எரிபொருள் சோதனை) லாப்பில எடுத்தது, சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீற்றர்தான், ஏசியும் இல்லாம. எங்கட வெயிலுக்கும் முல்லைத்தீவு உள்ரோட்டுக்கும் அது வராது.

பதில்: டயர் காத்தையும் பாருங்கோ. 100 மிதிக்காம 70ல ஓடிப் பாத்திட்டுச் சொல்லுங்கோ