பெண்டாக்ஸ் கே1000: திருத்துவதா, வேறு கமரா வாங்குவதா?

மல்லாவி ஆசிரியை:
வணக்கம். பெரியப்பா 1987இல் சவூதியிலிருந்து கொண்டுவந்த பெண்டாக்ஸ் கே1000 இப்போது என்னிடம் இருக்கிறது. 50 மி.மீ. எப்/2 லென்ஸும் உண்டு. 2008இல் இடம்பெயர்ந்தபோது பெரியம்மா அதை அரிசிச் சாக்குக்குள் புதைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சென்ற மாதம் ஒரு கலர் ரோல் போட்டு இரணைமடுக் குளக்கட்டில் படமெடுத்தேன். கழுவி வந்தவற்றில் பாதிக்கு மேல் ஓரத்தில் செம்மஞ்சள் கீற்று. உச்சி வெயிலில் 1/1000 வினாடியில் எடுத்தவை ஒரு பக்கம் இருண்டிருக்கின்றன. வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானியின் ஊசி அசையவே இல்லை, புதுப் பற்றரி போட்டும் பயனில்லை. கொழும்பில் ஒருவர் கேனன் ஏஇ-1 விற்கிறார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலைப் படமெடுக்க வேண்டும். மாறிவிடலாமா?

வவுனியா வாசகர்:
ஏஇ-1 நல்ல கமராதான். ஆனால் பற்றரி தீர்ந்தால் அதில் ஒரு படமும் எடுக்க முடியாது. பெண்டாக்ஸ் லென்ஸும் அதில் பொருந்தாது, எல்லாவற்றையும் புதிதாக வாங்க நேரிடும். மாறத்தான் வேண்டுமென்றால் உங்கள் லென்ஸ் அப்படியே பொருந்தும் பெண்டாக்ஸ் எம்எக்ஸ் தேடுங்கள். 1976இல் வந்தது, சிறியது, பிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் முழுக்க இயந்திரமே, பற்றரி தேவையில்லை. எம்இ சூப்பரும் பொருந்தும், ஆனால் பற்றரி இல்லாவிட்டால் அதில் 1/125 வினாடியும், அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் பி நிலையும் மட்டுமே இயங்கும்.

கிளிநொச்சிப் பழைய ஸ்டூடியோக்காரர்:
தங்கச்சி, அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வது மூன்று தனித்தனிக் குறைகள்.

கீற்றுக்குக் காரணம் பின்கதவின் ஓரத்துப் பஞ்சு. கதவைத் திறந்து, கீல் பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். தார் போல ஒட்டினால் அதுதான். பல்லுக்குத்தும் குச்சியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்து, அந்தப் பிசினை மெல்லச் சுரண்டி எடுங்கள். ஷட்டர்த் திரையில் ஒரு துளியும் விழக்கூடாது, அது துணி. சுத்தமானதும் மேலும் கீழுமுள்ள பள்ளங்களில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்து ஒட்டுங்கள். கீல் பக்கத்துக்கு நகைப்பெட்டியின் கறுப்பு வெல்வெட் துண்டு போதும். நான் பல கமராக்களுக்கு இப்படியே செய்திருக்கிறேன்.

இருண்ட பக்கம் ஷட்டர்த் திரையின் தளர்வு. லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, சூரியன் இல்லாத வானத்தை நோக்கிச் சொடுக்குங்கள். சட்டம் முழுதும் ஒளிர்கிறதா, ஓர் ஓரம் கறுக்கிறதா என்று ஒவ்வொரு வேகத்திலும் பாருங்கள்.

ஊசிக்கு, அடித்தட்டிலுள்ள பற்றரி மூடியைப் பாருங்கள். பச்சைப் பூஞ்சணம் போலிருந்தால் பழைய பற்றரி கசிந்திருக்கிறது. வினாகிரியில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, உலரவிட்டு, புது எல்ஆர்44 பொத்தான் பற்றரி போடுங்கள். இந்தக் கமராவுக்கு ஒளிமானியை அணைக்கும் சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டால்தான் பற்றரி மிஞ்சும்.

ஊசி இறந்தாலும் கே1000 படமெடுக்கும். 90களில் வன்னிக்குப் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தது, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். அந்த நாட்களில் பற்றரி கேட்காத கமராக்களே எங்களுக்குச் சோறு போட்டன. நல்ல வெயிலில் 200 வேகப் பிலிமுக்கு லென்ஸ் துளை எப்/16, ஷட்டர் 1/250 வினாடி வைத்தால் தப்பாது.

மல்லாவி ஆசிரியை:
ஐயா, கதவோரம் நீங்கள் சொன்ன தாரேதான். இரண்டு மாலைப்பொழுது சுரண்டினேன், நகக்கண் எல்லாம் கறுத்துவிட்டது. நூல் பதித்துவிட்டேன். வினாகிரியால் துடைத்ததும் ஊசி நடுங்கி எழும்பியது. பெரியம்மா பக்கத்தில் இருந்து பார்த்து, "அவர் இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை" என்றார். ஷட்டர் 1/500 வரை சரி. 1/1000இல் மட்டும் ஓரம் கறுக்கிறது.

கிளிநொச்சிப் பழைய ஸ்டூடியோக்காரர்:
1/1000ஐ மறந்துவிடுங்கள், பொங்கல் இரவில் அது தேவைப்படாது. 400 பிலிம், எப்/2, 1/30. முழங்கைகளை விலாவோடு அழுத்திப் பிடித்து, மூச்சை விட்டபின் சொடுக்குங்கள். அடுப்புத் தீயைப் பார்த்து ஊசியை நடுவில் நிறுத்தினால் முகங்கள் கறுத்துப்போகும். தீ வெளிச்சம் விழும் ஒரு முகத்தை நெருங்கி அளந்துவிட்டுப் பின்னால் வந்து எடுங்கள்.

அதற்கு முன் ஒரு ரோலை வீணாக்கத் தயங்க வேண்டாம். முதல் 12 படங்களுக்குக் கதவு விளிம்பெங்கும் கறுப்பு ரேப் ஒட்டிக்கொள்ளுங்கள், மீதிக்கு ரேப்பை எடுத்துவிடுங்கள். ரேப் இல்லாத படங்களில் மட்டும் கீற்று வந்தால் நூல் எங்கோ விலகியிருக்கிறது.

மல்லாவி ஆசிரியை:
நாளைக்கே ரோல் போடுகிறேன், ஐயா. முதல் படம் பெரியம்மாவுடையது.